புகை அடிக்க வருடம் 48,000 ரூபாய் தரலாமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள். போன மாதம் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு வந்தது. உடனே ஒரு தனியார் நிறுவனம் வந்து, மாதம் இரண்டு தடவை புகை மருந்து அடிக்க வருடத்துக்கு 48,000 ரூபாய் கேட்கிறது. மாநகராட்சி ஆட்கள் வந்தால் தண்ணீர்த் தொட்டியையும் பூந்தொட்டியையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், வாரா வாரம் புகை அடியுங்கள் என்றால் கேட்பதில்லை. ஒப்பந்தம் போடலாமா? ஒலியால் கொசுவை விரட்டும் என்று ஆன்லைனில் 1,299 ரூபாய்க்கு ஒரு கருவி வாங்கினேன், அதுவும் வேலை செய்யவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: பிள்ளைகள் இருவரும் தேறியிருப்பார்கள் என்று நம்புகிறேன். ஒப்பந்தம் வேண்டாம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, சாக்கடையில் அல்ல, வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. கடித்த பிறகு கட்டிலுக்கு அடியில், திரைச்சீலைக்குப் பின்னால், கொடியில் தொங்கும் துணியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலில் அடிக்கிற புகை அங்கே எட்டாது. எட்டினாலும் அந்த நேரத்தில் பறக்கிற கொசு மட்டும்தான் சாகும், தண்ணீரில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும், ஆக 15 நாளுக்கு ஒரு புகை என்றால் நடுவில் ஒரு தலைமுறையே பறந்துவிடும். காய்ச்சல் உறுதியான வீட்டைச் சுற்றி, கிருமி ஏறிய கொசுக்களை உடனே கொல்லப் புகை அடிப்பது சரி. மாநகராட்சி அதற்குத்தான் அதை வைத்திருக்கிறது. போன மாதம் உங்கள் கட்டடத்தில் அடித்தார்களா? அடிக்கவில்லை என்றால் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சென்னை என்றால் மாநகராட்சியின் புகார் எண் 1913.

அவர்கள் எட்டிப் பார்க்கிறார்களே, அதுதான் உண்மையான வேலை. 100 வீட்டில் எத்தனை வீட்டில் கொசுப்புழு இருக்கிறது என்ற கணக்கை வைத்துத்தான் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புவது என்று முடிவாகிறது. உங்கள் 24 வீட்டில் ஆறு பூட்டிக் கிடந்து, மொட்டைமாடிச் சாவியும் செயலாளர் பையில் இருந்தால் அந்தக் கணக்கே பொய்யாகிவிடும். தயவுசெய்து சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள். தொட்டியில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றினாலும் பயப்பட வேண்டாம், லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவுக்குள் குடிநீரிலேயே அது அனுமதிக்கப்பட்டது.

அந்த 48,000 ரூபாயில் ஒரு பகுதியை எடுத்து சம்புக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் இடைவெளியில்லாத மூடி போடுங்கள், தொட்டி நிரம்பி வழியும் குழாய்க்கும் செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கும் வலை கட்டுங்கள். மலேரியா கொசுவும் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் என்பதால் இது அதற்கும் சேர்த்துத்தான். கிணறு இருந்தால் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடச் சொல்லி மாநகராட்சியிடமே கேளுங்கள். மீதியில் ஜன்னல் வலை. அப்புறம், வாரம் ஒரு நாள் டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், வெறுமனே கொட்டினால் போதாது, ஏனென்றால் முட்டை பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் தாங்கும்.

அப்படியும் சங்கத்தில் புகைதான் வேண்டும் என்றால், நிறுவனத்திடம் பூச்சிக்கொல்லிச் சட்டப்படியான உரிமம், மருந்தின் பெயர், கலக்கும் அளவு மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். தயங்கினால் அனுப்பிவிடுங்கள்.

ஒலிக் கருவி விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 10 கள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007லேயே, இவை கொசுக்கடியைத் தடுப்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. கருவி பழுதானதால் வேலை செய்யாமல் போகவில்லை, பழுதில்லாமல் இருந்தாலும் செய்யாது. விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து, ரசீதுடன் விற்றவருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், விற்றவர் வேறு ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, காலக்கெடு இரண்டு வருடம்.

கேள்வி: பெட்டிக்கடையில் விற்கும் கொசு ஊதுபத்தி நன்றாக வேலை செய்கிறது. வாங்கலாமா?

பதில்: அட்டையில் பூச்சிக்கொல்லிப் பதிவு எண்ணும் மருந்தின் பெயரும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எந்த மருந்தை, எவ்வளவு கலந்திருக்கிறார்கள் என்று கடைக்காரருக்கும் தெரியாது. குழந்தை தூங்கும் அறையில் அதைக் கொளுத்தாதீர்கள், கொசுவலை கட்டுங்கள், பகல் தூக்கத்துக்கும்.