கப்பல் அணையாத தீவு

கேள்வி: பசிபிக் கடலில் ஐம்பது பேர் மட்டும் வாழும் எரிமலைத் தீவு இருக்கிறதாமே! சுற்றிலும் கடல் இருந்தும் அங்கே பெரிய துறைமுகம் இல்லையாமே, ஏன்? – வாசகி, கோவில்பட்டி

பதில்: பிட்கெய்ன் தீவைத்தான் கேட்கிறீர்கள் அம்மா. பிரிட்டனைச் சேர்ந்தது; மொத்தப் பரப்பே ஐந்து சதுர கிலோமீட்டருக்குள். கடலடியிலிருந்து எழும்பிய எரிமலையின் உச்சிதான் அது. அலை அரித்து அரித்து, கரை முக்கால்வாசியும் செங்குத்துப் பாறை. அலையைக் குறுக்கே தடுக்கப் பெரிய பவளத்திட்டும் கிடையாது. பிறகு கப்பல் எங்கே அணைவது?

பவுண்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் கேப்டனை எதிர்த்துக் கலகம் செய்த மாலுமிகளில் ஒன்பது பேர், 1790-ல் இதை ஒளிவிடமாகத் தேர்ந்ததும் அதனால்தான். கடல் வரைபடத்தில் தீவின் இடம் தப்பாகக் குறித்திருந்தது அவர்களுக்கு இன்னும் வசதி. கப்பலைக் கொளுத்திவிட்டுக் குடியேறினார்கள். 1808-ல் அமெரிக்கக் கப்பலொன்று வந்தபோது அந்த ஒன்பது பேரில் ஜான் ஆடம்ஸ் ஒருவர்தான் அங்கே மிஞ்சியிருந்தார். எல்லோரும் கலகக்காரர்களின் கதையையே சொல்கிறார்கள். எனக்கு அது பொறுக்காது. பசிபிக்கின் இன்னொரு தீவான டஹிட்டியிலிருந்து உடன் வந்த பெண்கள் மரப்பட்டையைத் தட்டித் துணி செய்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிராவிட்டால் இன்று அந்த ஊரே இல்லை.

நான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்த காலத்தில், பனாமாவிலிருந்து நியூசிலாந்து போகும் வழியில் தீவுக்கு எதிரே எஞ்சினை நிறுத்தினோம். தீவுக்காரர்கள் நீளப் படகில் வந்தார்கள். அலை படகை மேலே தூக்குகிற அந்த நொடியில் கயிற்றேணியைப் பிடித்துவிட வேண்டும். தாமதித்தால் கால் நசுங்கும். நரைத்த தலையோடு ஓர் அம்மாள் சரசரவென்று ஏறிவந்து, மரத்தில் செதுக்கிய சுறா ஒன்றை என் கையில் வைத்தார். கருஞ்சிவப்பு வைரம் பாய்ந்த மரம். நம்ம பூவரசேதான்! ஆளில்லாத ஹெண்டர்சன் தீவுக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் படகில் போய் வெட்டிவருகிறார்களாம்.

ஆடம்ஸ்டவுன் ஒன்றுதான் ஊர். ஆறு கிடையாது, கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக்கொள்கிறார்கள். விமான நிலையமும் இல்லை. டஹிட்டியிலிருந்து மங்கரேவா என்ற தீவுக்குப் பறந்து, அங்கிருந்து ஒரு பகலும் இரவும் தாண்டிக் கப்பலில் போக வேண்டும். அரிசி, மாவு, டீசல் எல்லாம் நியூசிலாந்திலிருந்து வருபவை. கடைசி மூட்டைவரை படகில் மாற்றித்தான் கரைசேர்க்கிறார்கள். அதற்குத் திடமான கைகள் வேண்டும். இளையவர்கள் பலர் நியூசிலாந்தோடு தங்கிவிட, ஊரில் வயதானவர்களே அதிகம். குடியேற வாருங்கள் என்று அழைத்தும் ஆள் சேரவில்லை. இன்னும் இருபது வருடத்தில் அந்தப் படகை யார் தள்ளுவார்கள் என்பதுதான் என் கவலை.