வேரில் மாவுச்சத்து இருக்கிறதா?

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். எட்டு மாதங்களுக்கு முன் கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பாக்கி இருக்கிறது. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை பறிகூலிக்கே சரியாகப் போகிறது. மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துவிட்டால் பிறகு தூக்கமே வருவதில்லை. எல்லோரும் "மனதைக் கல்லாக்கிக்கொள்" என்கிறார்கள். தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாமா என்றும் தோன்றுகிறது. மனஉறுதியை எப்படி வளர்த்துக்கொள்வது?

பதில்: கல்லாக வேண்டாம், சகோதரி. உங்களுக்குத் தெரிந்த வேலையையே எடுத்துக்கொள்வோம். கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட தேயிலைச் செடியில் இலையே இருக்காது. வேரில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைக் கொண்டுதான் அது மறுபடி துளிர்க்க வேண்டும். அதனால்தான் பெரிய தோட்டங்களில் கவாத்துக்கு முன் வேரை நறுக்கி அயோடின் விட்டுப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம். வெளிறியே நின்றால் கத்தியை எடுக்க மாட்டார்கள். வெட்டினால் செடி பட்டுப்போகும். செடி மூச்சுவிட ஒன்றிரண்டு கிளைகளை விட்டுவைப்பதும் உண்டு.

உங்களை வாழ்க்கை ஏற்கெனவே ஆழமாக வெட்டிவிட்டது. இப்போது தோட்டம், வீடு, ஊர், மகனின் பள்ளி என்று மிச்சக் கிளைகளையும் நீங்களே வெட்டிவிடாதீர்கள். தோட்டத்தை விற்கும் யோசனையை மகனின் தேர்வு முடியும்வரை தள்ளி வையுங்கள். விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று மணி இருட்டில் எடுத்த முடிவாக அது இருக்கக் கூடாது.

தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். மாலையில் அடுப்பு வேலை முடிந்ததும் இருபது நிமிடம் ஒரு நோட்டுடன் உட்காருங்கள். பயங்களையெல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் இந்த வாரம் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். "கடன்" என்று மட்டும் எழுதினால் அது மலைபோல நிற்கும். "செவ்வாய்க்கிழமை சங்கத்துக்குப் போய் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணையை மாற்றித் தருவார்களா என்று கேட்க வேண்டும்" என்று எழுதினால் அது ஒரு நாள் வேலை. எதிரில் எழுத எதுவும் இல்லாதவற்றை அப்படியே விட்டு நோட்டை மூடிவிடுங்கள். இரவில் விழிப்பு வந்து வெகுநேரம் தூக்கம் பிடிக்காவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து உட்காருங்கள். கண் சொக்கும்போது மறுபடி படுக்கலாம். எப்படித் தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். இரண்டு மூன்று வாரங்களாவது இதை விடாமல் செய்ய வேண்டும்.

அடுத்தது மனிதர்கள். ஹவாயில் உள்ள கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ வளர்ந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக அமைந்திருந்தவற்றில் முக்கியமானது, கைவிடாத பெரியவர் ஒருவராவது பக்கத்தில் இருந்தது. உங்கள் மகனுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு யார்? பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் போதும். "எனக்கு இரவில் பயமாக இருக்கிறது" என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். எட்டு மாதம் நீண்ட காலமே இல்லை.

சாப்பாடு இறங்கவில்லை, எழுந்து வேலைக்குப் போகவே முடியவில்லை என்று நாட்கள் நகர்ந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, உடனே அழையுங்கள். கட்டணம் கிடையாது, நள்ளிரவிலும் தமிழில் பேசுவார்கள்.

மகனிடம் கடனை மறைக்க வேண்டாம். நீங்கள் விழித்திருப்பது அவனுக்குத் தெரியாமல் இருக்காது. தொகையைச் சொல்லுங்கள். சங்கத்தில் பேசிவிட்டு வந்த அன்று மாலை, அந்த நோட்டை அவனுக்குக் காட்டியே சொல்லுங்கள்.