டீ-ஷர்ட் பிரிண்டிங்: பலகையில் பீஸ் மாட்டுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி (கீழக்கரை): அண்ணே, கால்பந்துப் போட்டிக்கு 200 டீ-ஷர்ட், ஒரே கலர். நாலு பலகை (டீ-ஷர்ட்டை விரித்து மாட்டுற தட்டு) உள்ள ஸ்கிரீன் பிரிண்டிங் மிஷின், ரெண்டு பேர். பீஸ் மாட்டுறதிலேயே பாதி நேரம் போயிடுது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அடுக்கைச் சரிசெய்யுங்க தம்பி. திருப்பூரிலிருந்து வந்த கவரை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே அடித்தால் வேலை ஓடாது. மை கலக்கும் முன்பே எல்லாவற்றையும் பிரித்து, சைஸ் வாரியாக அடுக்கிடுங்க. அடிக்கிற பக்கம் மேலே, கீழ்விளிம்பு மிஷினைப் பார்த்து, காலர் உங்களைப் பார்த்து. அடுக்கு பலகையைவிட நாலு விரல் தாழ்வாக, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கணும். ஒவ்வொரு பீஸுக்கும் குனிந்து திரும்பினால் 200 தடவை குனியணும்.

இப்போது கீழ்விளிம்பின் இரண்டு ஓரத்திலும் மேல் துணியை மட்டும் பிடித்துத் தூக்குங்க. வாய் திறக்கும். பலகை நுனியை அதற்குள் விட்டு, துணியை மிஷின் பக்கம் நேராக இழுங்க. இழுக்கும்போது மேல் துணி பலகையில் தடவிய கம்மில் (ஒட்டுப் பசை) படவே கூடாது. பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும், மீதி நகரும், பீஸ் கோணிவிடும். காலர் நுனிக்கு வந்ததும் இறக்கி, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே தடவை தடவி விடுங்க. திரும்பத் திரும்ப நீவுவதில்தான் நேரம் கரையுது.

ஸ்குவீஜி (டிசைன் வலையான ஸ்கிரீன் வழியே மையைத் தள்ளும் ரப்பர் கட்டை) பிடிக்கிறவர் பீஸைத் தொடக்கூடாது. மாட்டுவதும் கழற்றுவதும் சுத்தமான கை உள்ளவர் வேலை. ஒரு பலகையில் அடி விழும்போதே பக்கத்துப் பலகையில் அடுத்த பீஸ் ஏறணும். கழற்றும்போது இரண்டு தோளையும் பிடித்து முதலில் மேலே தூக்கி, கம் விட்ட பிறகு உங்கள் பக்கம் இழுங்க. படுக்கைவாட்டில் இழுத்தால் பிரிண்ட் மடிந்து தன்மேலேயே ஒட்டும்.

கேள்வி (பாம்பன்): தடைக்காலத்தில் படகு வேலை இல்லாத ரெண்டு தம்பிங்க உதவிக்கு வர்றாங்க. ஆளுக்கு ஒரு மாதிரி மாட்டுறாங்க, டிசைன் சாயுது.

பதில்: கண்ணளவை நம்பவிடாதீங்க. பலகையின் நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு, காலர் நிற்கவேண்டிய இடத்தில் குறுக்கே ஒரு கோடு, இரண்டும் அழியாத மார்க்கரில். டிசைனின் மேல்விளிம்பு பெரியவர் டீ-ஷர்ட்டில் காலருக்குக் கீழே 3 அங்குலம், சின்னப் பிள்ளை சைஸில் 2 அங்குலம் வந்தால் பார்க்க நன்றாக இருக்கும். பக்கத் தையலை வைத்து நடு பிடிக்காதீங்க. மலிவான பனியனில் அது முறுக்கிக்கொண்டு போயிருக்கும். காலரையும் இரண்டு தோள் தையலையும் பார்த்து வைக்கச் சொல்லுங்க.

கேள்வி (தொண்டி): ஸ்கிரீனைத் தூக்கினால் பீஸும் கூடவே வருது. கம் நிறையத்தான் போடுறேன்.

பதில்: நிறையப் போடுவதுதான் தொல்லை, அக்கா. தண்ணீர் கம்மை அட்டையால் மெல்லிசாக இழுத்து, பிசுபிசுப்பு வரும்வரை காயவிடுங்க. ஈரத்தோடு மாட்டினால் கம் துணிக்குள் ஏறிவிடும். சில பீஸ் போனதும் பலகையில் பஞ்சு படியும், கடற்காற்றில் மணலும் சேரும். ஈரத்துணியால் துடைத்தால் ஒட்டும் தன்மை திரும்பும். திரும்பாவிட்டால் சுரண்டி எடுத்துப் புதுசாகப் போடுங்க. ஸ்கிரீனுக்கும் துணிக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்க. ஸ்கிரீன் துணியில் படிந்தே கிடந்தால் எந்தக் கம்மும் தாங்காது. காற்றடிக்கும் பக்கத்து ஜன்னலை மூடுங்க. தண்ணீர் மை ஸ்கிரீன் வலையிலேயே காய்ந்து அடைப்பதும் அதனால்தான்.

கேள்வி (மண்டபம்): ஜெர்சியில் அடித்த நம்பர் கழற்றியதும் சுருங்குது.

பதில்: இழுத்து மாட்டியிருக்கீங்க. துணி விரிந்த நிலையில் மை படிந்தால், கழற்றியதும் துணி பழைய அளவுக்குத் திரும்பும், மை திரும்பாது, சுருக்கம் விழும். வைத்துத் தடவுங்க, இழுக்காதீங்க.

கேள்வி (ஏர்வாடி): ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிசால் (சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் மை) துவைத்தால் உரியுது.

பதில்: அந்த மாதங்களில் காட்டன் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். சூடு முதலில் அந்த ஈரத்தை விரட்டப் போய்விடும், மை முழுக்க 160 டிகிரி செல்சியஸைத் தொடாது. மாட்டியவுடன், அடிக்கும் முன்பே ஃபிளாஷ் ஹீட்டரை (பலகைக்கு மேலிருந்து சூடு காட்டும் ஹீட்டர்) சில நொடி காட்டுங்க. கடைசிக் க்யூரிங்கிலும் (மையைச் சூட்டில் இறுக வைப்பது) கூடுதல் நேரம் கொடுங்க. ஒரு பீஸைத் துவைத்துப் பார்த்த பிறகு மொத்தத்தையும் ஓட்டுங்க.

கேள்வி (ராமேஸ்வரம்): பாக்கெட் வைத்த சட்டை?

பதில்: தையல் தடிமன் பலகைக்கு மேல் வந்தால் மை திட்டுத் திட்டாக விழும். பாக்கெட் அளவுக்குச் சின்னப் பலகை வெட்டி, அதை பாக்கெட்டுக்குள்ளேயே செருகி அடியுங்க.