மும்பைக்கு முதல்முறை போகிறேன். குர்லா டெர்மினஸில் இறங்கி அந்தேரி ஈஸ்ட் போவது எப்படி, லோக்கலும் மெட்ரோவும் எங்கே மாறுவது?

கேள்வியில் இருந்த விவரம் இது: கோவையிலிருந்து வரும் ரயிலில் லோகமான்ய திலக் டெர்மினஸில் இறங்குகிறார். தங்கப்போவது அந்தேரி ஈஸ்ட்டில் மரோல் பக்கம். ஒரு மாதப் பயிற்சி, பெரும்பாலும் பி.கே.சி-யில் (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் என்ற அலுவலகப் பகுதி), சில நாள் சி.எஸ்.எம்.டி (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) ஸ்டேஷன் அருகில். இந்தி அரைகுறை. மேப்பில் ஒவ்வொரு தடவை தேடும்போதும் வேறு வேறு வழி காட்டுகிறதாம், எதை நம்புவது என்று கேட்கிறார்.

நான் டோம்பிவ்லியில் குடியிருந்து அந்தேரிக்கு வேலைக்குப் போய்வந்தவன். அதனால் நீங்கள் போகப்போகும் பாதையில் பாதி என் தினசரிப் பாதையாக இருந்தது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மும்பையில் வழி தேடும்போது எத்தனை நிமிடம் என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த ஸ்டேஷனில் இறங்கி மாறப்போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். மேப்புக்கு நிமிடம்தான் தெரியும். காலை ஒன்பதரைக்கு தாதர் ஸ்டேஷன் பிரிட்ஜ் படிக்கட்டில் பெட்டியோடு ஏறுவது என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. ஐந்து நிமிடம் மிச்சம் என்று அது காட்டுகிற வழியில் இரண்டு பிரிட்ஜ், நான்கு படிக்கட்டு இருக்கும். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும் வழியில் ஒரே ஒரு மாற்றம் இருக்கும். புதிதாக வருகிறவருக்கு இரண்டாவதுதான் சரி, எப்போதும்.

ஊரின் அமைப்பைப் புரிந்துகொண்டால் மேப் ஏன் குழப்புகிறது என்பதும் புரியும். மும்பை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஊர், லோக்கல் எனும் புறநகர் ரயிலின் தடங்களும் அப்படியே ஓடுகின்றன. மேற்கே வெஸ்டர்ன் லைன்: சர்ச்கேட்டில் கிளம்பி மும்பை சென்ட்ரல், தாதர், பாந்த்ரா, அந்தேரி, போரிவலி, விரார். நடுவில் சென்ட்ரல் லைன்: சி.எஸ்.எம்.டி, தாதர், குர்லா, காட்கோபர், தாணே, டோம்பிவ்லி, கல்யாண், அங்கே பிரிந்து ஒரு கிளை கசாராவுக்கும் இன்னொன்று கர்ஜத் பக்கமும் போகும். மூன்றாவது ஹார்பர். அதுவும் சி.எஸ்.எம்.டி-யில்தான் கிளம்பும், ஆனால் வடாலா ரோட்டில் கவை பிரிந்து ஒன்று குர்லா வழியாக பன்வேலுக்கும், மற்றது பாந்த்ரா, அந்தேரி வழியாக கோரேகாவுக்கும் போகும். கிழக்கிலிருந்து மேற்கே போகத்தான் வெகுகாலம் நேரடி ரயிலே இல்லை. காட்கோபரில் இருப்பவர் அந்தேரிக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸில் நெரிசலில் நகர வேண்டும், இல்லை தாதர் வரை தெற்கே வந்து மறுபடி வடக்கே ஏற வேண்டும். 2014 ஜூனில் வெர்சோவா - காட்கோபர் மெட்ரோ திறந்த பிறகுதான் அந்தச் சுற்று ஒழிந்தது. வெறும் 11.4 கிலோமீட்டர், 12 ஸ்டேஷன், ஆனால் என்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களின் அன்றாடத்தையே மாற்றிவிட்ட தடம் அது. உங்கள் விஷயத்திலும் அதுதான் முக்கியம்.

சரி, இறங்கும் நாள். எல்லோரும் குர்லா டெர்மினஸ் என்று சொன்னாலும் எல்.டி.டி (லோகமான்ய திலக் டெர்மினஸ்) வேறு, குர்லா லோக்கல் ஸ்டேஷன் வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை இருக்கிறது, பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிற மாதிரியான தெருவும் இல்லை. எல்.டி.டி-க்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் லோக்கல் ஸ்டேஷன் திலக் நகர். அது ஹார்பர் லைன், உங்களுக்கு இப்போது உதவாது. ஒரு மாதத்துக்கான பெட்டி படுக்கை இருக்கும் என்பதால் அன்றைக்கு மட்டும் ஆட்டோவிலோ கேப்பிலோ நேராக மரோலுக்கே போய்விடுங்கள். மும்பை ஆட்டோக்காரர்கள் மீட்டர் போடுவார்கள், கோவையிலிருந்து வருகிறவருக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும். வெளியே வந்ததும் சூழ்ந்துகொண்டு மொத்தமாக ஒரு தொகை சொல்கிறவர்களைத் தாண்டி வரிசைக்குப் போய் மீட்டர் போடச் சொல்லுங்கள். தோளில் ஒரு பை மட்டும்தான் என்றால் காட்கோபர் ஸ்டேஷன் வரை ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ. காட்கோபரில் லோக்கல் பிரிட்ஜும் மெட்ரோவும் ஒட்டியே இருக்கும், சாலையைக் கடக்க வேண்டியதில்லை. காலை எட்டரையிலிருந்து பதினொன்று வரை அந்தேரிப் பக்கம் போகும் கூட்டம் அங்கே நீண்ட வரிசையில் நிற்கும், அந்த நேரத்தை மட்டும் தவிர்க்கப் பாருங்கள்.

மெட்ரோவில் ஏறியபின் அந்தேரி என்ற பெயர் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டாம். காட்கோபரிலிருந்து வரும்போது சாக்கி நாக்கா, மரோல் நாக்கா, ஏர்போர்ட் ரோடு, சக்காலா எல்லாம் முன்னாலேயே வந்துவிடும், இவை எல்லாமே அந்தேரி ஈஸ்ட்டைச் சேர்ந்தவைதான். உங்களுக்கு மரோல் நாக்கா. மரோலில் தங்குகிறவர் அந்தேரி வரை போய் இறங்கினால் அந்த ஜனத்திரளில் மாட்டிக்கொண்டு மறுபடி ஆட்டோவில் திரும்பி வர வேண்டியிருக்கும். இன்னொன்று, ஏர்போர்ட் ரோடு என்ற பெயரைப் பார்த்து விமானத்துக்கு அங்கே இறங்கிவிடக் கூடாது. அது விமான நிலையத்துக்குள் போகாது. விமான நிலையத்துக்கு மெட்ரோவின் மூன்றாம் லைனில் டெர்மினல் 1, டெர்மினல் 2 இரண்டுக்கும் தனித்தனி ஸ்டேஷன் இருக்கிறது.

ஈஸ்ட், வெஸ்ட் என்று முகவரியில் வருவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரயில் தடத்துக்கு எந்தப் பக்கம் என்பதுதான் அது. தவறான பக்கம் வெளியே வந்துவிட்டால் எதிர்ப்பக்கம் போக மறுபடி பிரிட்ஜ் ஏறி இறங்க வேண்டும், ஆட்டோவில் என்றால் ஃப்ளைஓவரோ சப்வேயோ சுற்றிக்கொண்டு வர அரை மணி நேரம்கூட ஆகலாம். ரயிலை விட்டு இறங்கியதும் நடக்க ஆரம்பிக்காமல், பிரிட்ஜில் ஈஸ்ட் வெஸ்ட் பலகையைப் பார்த்துவிட்டு அப்புறம் நடங்கள்.

இனி தினசரிப் பயணம். இதில் உங்களுக்கு நல்ல காலம். மூன்றாம் லைன் என்கிற அக்வா லைன், கிட்டத்தட்ட முழுக்கச் சுரங்கப் பாதை, 2024 அக்டோபரில் ஆரே - பி.கே.சி மட்டும் திறந்தது, 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரை முழுசாக ஓட ஆரம்பித்துவிட்டது. 33.5 கிலோமீட்டர், 27 ஸ்டேஷன். மரோல் நாக்காவில் முதல் லைனும் (மேலே சொன்ன வெர்சோவா - காட்கோபர் தடம்) மூன்றாம் லைனும் சந்திக்கின்றன. அதாவது நீங்கள் தங்கும் இடத்திலிருந்து பி.கே.சி-க்கு மாற்றமே இல்லாமல் ஒரே ரயில், சி.எஸ்.எம்.டி-க்கும் அதே ரயில். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்குமே டிக்கெட் 70 ரூபாய்தான். லோக்கலில் 5 ரூபாயிலிருந்து டிக்கெட் தொடங்குகிறது, அதோடு ஒப்பிட்டால் இது அதிகம்தான். ஆனாலும் வேலைக்குப் போட்டுக்கொண்ட சட்டை கசங்காமல் ஏ.சி-யில் போய் இறங்கலாம், முதல் மாதத்துக்கு அந்தப் பணம் தகும் என்பது என் கருத்து. முதல் லைனும் மூன்றாம் லைனும் நடத்துவது வேறு வேறு நிறுவனம், டிக்கெட்டும் வேறு. மும்பை ஒன் என்ற ஆப்பில் மெட்ரோ, லோக்கல், பெஸ்ட் எனும் மாநகர பஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் வசதி 2025-இல் வந்திருக்கிறது, கிளம்பும் முன்பே போனில் போட்டு வைத்துவிடுங்கள்.

அதற்காக லோக்கலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தாணே, டோம்பிவ்லி, மாட்டுங்கா, போரிவலி என்று எங்கே போக நினைத்தாலும் லோக்கல்தான். பார்க்க வேண்டியது இண்டிகேட்டர். அதில் ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம், நேரம், ஸ்லோவா ஃபாஸ்ட்டா, 12 பெட்டியா 15 பெட்டியா என்று வரும். நீங்கள் இறங்கும் ஸ்டேஷன் பெயர் அதில் வராது. போகிற திசையில் அதையும் தாண்டிப் போகும் ரயிலா, அங்கே நிற்குமா என்று நீங்களே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஸ்லோ எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும், ஃபாஸ்ட் முக்கியமானவற்றில் மட்டும். எம்-இண்டிகேட்டர் என்ற ஆப்பை மும்பைக்காரர்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள், ஒரு ரயிலைத் தொட்டால் எங்கெங்கே நிற்கும் என்று வரிசையாகக் காட்டும். மேப்பைவிட அதை நம்புங்கள்.

சாயங்காலம் சர்ச்கேட் பக்கமிருந்து அந்தேரிக்குத் திரும்பும்போது விரார் ஃபாஸ்ட் கண்ணில் பட்டால் ஏறாதீர்கள். அது அந்தேரியில் நிற்கும், உண்மைதான். ஆனால் விரார்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டு போக வேண்டியவர்களுக்கான ரயில் அது. கதவருகே சுவர்போல நிற்கும் அவர்களைத் தாண்டி நடுவில் இறங்குவது பழகியவர்களுக்கே பாடு, அவர்கள் முணுமுணுப்பதிலும் நியாயம் இருக்கிறது. அந்தேரியோடு முடியும் ரயிலோ போரிவலி ரயிலோ பின்னாலேயே வரும்.

இறங்குவதற்கு இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே கதவுப் பக்கம் நகர ஆரம்பித்துவிட வேண்டும். முன்னால் நிற்பவரிடம் "தாதர் உதரேங்கே?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அவர் பின்னாலேயே நிற்கலாம், இல்லை என்றால் அவரே நகர்ந்து வழிவிடுவார். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், "கோன்ஸா சைட்?" போதும். இந்த இரண்டு கேள்விக்கு வேண்டிய இந்தி இருந்தால் லோக்கலில் சமாளித்துவிடலாம். ரயில் நிற்பது அரை நிமிடம்கூட இருக்காது. முதுகில் மாட்டும் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். உள்ளே எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் வாசலில் தொங்காதீர்கள். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே நெரிசலான ரயில்களின் வாசலில் நின்றவர்கள் விழுந்து இறந்தார்கள். நான் வருடக்கணக்காகக் கடந்து போன வளைவு அது. அந்தச் செய்தியைப் படித்தபின் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு ரயிலை விட்டால் நெரிசல் நேரத்தில் சில நிமிடத்தில் அடுத்தது.

தாதரைப் பற்றி. வெஸ்டர்னும் சென்ட்ரலும் சந்திக்கும் இடம், தவிர்க்கவே முடியாத நாள் வரும். முன்பு இரண்டு பக்கமும் ஒன்று, இரண்டு என்று தனித்தனியாக எண் போட்டிருந்தார்கள், எந்த மூன்றாம் பிளாட்பாரம் என்று புதியவர்கள் திண்டாடுவார்கள். 2023 டிசம்பரில் தொடர் எண்ணாக மாற்றிவிட்டார்கள்: 1 முதல் 7 வெஸ்டர்ன், 8 முதல் 14 சென்ட்ரல். பழைய ஆட்கள் சிலர் வாயில் பழைய எண்ணே வரும், பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜில் கூட்டத்தின் ஓட்டத்துக்கு எதிரே போகாமல், போன் பார்க்கவோ ஆளைத் தேடவோ படிக்கட்டில் நிற்காமல், இறங்கி ஒரு தூண் ஓரமாக நின்று பாருங்கள். 2017 செப்டம்பரில் எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் பிரிட்ஜில், அதாவது இப்போதைய பிரபாதேவியில், மழைக்கு ஒதுங்கிய கூட்டம் நெரிந்து 23 பேர் இறந்துபோனார்கள். மாறும் ஸ்டேஷனை முதலில் யோசியுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமை இட்லி, பில்டர் காபி தேடி மாட்டுங்கா போகத் தோன்றும், போகவும் வேண்டும். பூக்கடையும் வாழை இலையுமாக நம் ஊர்க் கடைத்தெரு மாதிரியே இருக்கும். சென்ட்ரல் லைனில் இருப்பது மாட்டுங்கா, வெஸ்டர்ன் லைனில் இருப்பது மாட்டுங்கா ரோடு, இரண்டும் வேறு ஸ்டேஷன். கடைகள் சென்ட்ரல் பக்கம். அங்கே ஃபாஸ்ட் நிற்காது, ஸ்லோதான். உங்களுக்கு மரோல் நாக்காவிலிருந்து மெட்ரோவில் காட்கோபர், அங்கிருந்து சி.எஸ்.எம்.டி போகும் ஸ்லோ.

ஆனால் ஞாயிறு என்றால் மெகா பிளாக் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். பராமரிப்புக்காகப் பகல் நேரத்தில் சில தடங்களை மூடிவிட்டு ஃபாஸ்ட் ரயிலை ஸ்லோ தடத்தில் விடுவார்கள், ஸ்லோவை ஃபாஸ்ட் தடத்தில் விட்டால் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காமல் போய்விடும், ஹார்பரில் ஒரு பகுதி முழுக்கவே நின்றுவிடும். எந்த லைன், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பது முன்கூட்டியே அறிவிப்பாக வந்துவிடும், எம்-இண்டிகேட்டரிலும் இருக்கும். ஊருக்குத் திரும்பும் ரயில் ஞாயிற்றுக்கிழமை என்றால் லோக்கலை நம்பாமல் மரோலிலிருந்து ஆட்டோவிலேயே எல்.டி.டி போய்விடுங்கள், ஒரு மணி நேரம் முன்னதாக.