சர்வதேச வணிகத்தில் பண்பாட்டு வேறுபாடுகளைத் தரவு வைத்துப் புரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஆனால் எந்தத் தரவை என்பதில் நாங்கள் ஒன்றரை வருடம் ஏமாந்திருக்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் புதிதாக ஏற்றுமதியில் இறங்கியவர் போலத் தெரிகிறது. நாடு நாடாகப் பண்பாட்டுக்கு மதிப்பெண் போட்ட அட்டவணை ஒன்று ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும்.

திருநெல்வேலி மாவட்டம் திசையன்விளைப் பக்கம் நிலாவாரை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு சின்ன நிறுவனத்தில் பதினோரு வருடமாகக் காகித வேலை பார்க்கிறேன். நிலாவாரை மலச்சிக்கலுக்கான மருந்துச் செடி, வெளிநாட்டில் சென்னா என்பார்கள். எங்களிடம் வாங்கும் ஜப்பான்காரர்கள் இரண்டு சரக்கு எடுப்பார்கள்: மருந்துக்கு இலை, டீக்குத் தண்டு. அவர்களிடமிருந்து கேள்விக்கு மேல் கேள்வியாக மெயில் வரும். பதில் போட்டால் அந்தப் பதிலின் மேல் இன்னொரு கேள்வி.

அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து வகுப்பு எடுத்தார். ஹாஃப்ஸ்டீட் என்ற நெதர்லாந்து அறிஞரின் அட்டவணையைக் காட்டினார். நிச்சயமில்லாததைக் கண்டு ஒதுங்கும் குணத்தில் ஜப்பானுக்கு 92, இந்தியாவுக்கு 40. “பார்த்தீர்களா, இது அவர்கள் இயல்பு” என்றார். எங்கள் முதலாளி அண்ணாச்சிக்கு அது மனதில் பதிந்துவிட்டது. “தம்பி, அவங்க சங்கதியே அப்படித்தான்டே. கேக்கதுக்கு மேல ரெண்டு சர்டிபிகேட் சேத்து அனுப்பு” என்றார். அனுப்பினோம். ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது.

பொறுக்க முடியாமல் நான் இரண்டு வருட மெயில்களை எக்செல்லில் ஏற்றினேன். தேதி, நாடு, சரக்கு, என்ன கேட்டார்கள், எத்தனை நாளில் பதில் போனது. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. சரக்கு வாரியாகப் பிரித்ததும் விஷயம் கண்ணில் பட்டது. இலை போன கப்பல்களுக்குக் கேள்வியே இல்லை என்று சொல்லலாம். அத்தனையும் தண்டுக்கு. அதுவும் வேறு வேறு வார்த்தையில் ஒரே கேள்வி: தண்டில் இலைத் துணுக்கு எவ்வளவு கலந்திருக்கிறது?

அதே ஆட்கள், அதே நாடு. குணம்தான் காரணம் என்றால் இலைக்கும் அப்படித்தானே கேட்டிருக்க வேண்டும்? தேடிப் படித்தபோது தெரிந்தது, ஜப்பானில் சென்னாவின் இலையும் காயும் மருந்துக் கணக்கில் வருகின்றன. தண்டை மட்டும்தான் உணவுப் பொருளாக விற்கலாம். டீப் பொட்டலத்தில் இலை இருந்தால் அவர்களுக்குச் சட்டச் சிக்கல். குணம் என்று நினைத்து நாங்கள் சர்டிபிகேட்டாக அனுப்பிக்கொண்டிருந்தோம், கேள்வி கேட்க வைத்தது ஒரு சட்டம்! முறத்தில் புடைக்கிற அக்காமாரிடம் விஷயத்தைச் சொல்லி, இரண்டு சல்லடை மாற்றி, கடைசியில் கையாலும் பொறுக்கினோம். மூன்றாவது சரக்கிலிருந்து அந்தக் கேள்வி வரவில்லை.

உடனே ஒருவர் வந்து “ஹாஃப்ஸ்டீடைக் குறை சொல்ல நீ யார்” என்று கேட்பார். நான் குறை சொல்லவில்லை. 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் ஒரு லட்சத்துக்கு மேல் படிவங்கள் வாங்கி அவர் செய்தது பெரிய வேலை. அந்த எண்கள் நாடுகளை ஒப்பிடத்தான், தனி ஆளை எடைபோட அல்ல என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரே கம்பெனி ஊழியர்களை வைத்து ஒரு நாட்டைச் சொல்ல முடியுமா என்று 2002-ல் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் கேட்டதும் நியாயமான கேள்வி.  இந்தியாவுக்குப் போட்ட எண்ணில் எங்கள் அண்ணாச்சியும் இல்லை, நிலாவாரை விளைவிக்கிற சாத்தான்குளத்துச் சம்சாரியும் இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய மருந்து நூல்களில் திருநெல்வேலியின் பழைய ஆங்கிலப் பெயரோடு ‘டின்னவேலி சென்னா’ என்ற பெயர் வந்திருக்கிறது. திருநெல்வேலி என்றால் அல்வா என்று உலகமே சொல்கிறது. நம் ஊர்ப் பெயர் மருந்து நூலில் ஏறியிருப்பதை இங்கே பள்ளியில் ஒரு பிள்ளைக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அதை விளைவிக்கிற சம்சாரிக்கே தெரியாது. எனக்கு இது பெரிய வருத்தம்.

சரி, பண்பாடு என்று ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. இலைத் துணுக்கு ஏன் கூடாது என்பதை அவர்கள் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதனால் எக்செல்லில் இரண்டு கட்டம் சேர்த்தேன்: சொன்னது, நடந்தது. ஜப்பானிலிருந்து “பரிசீலிக்கிறோம்” என்று ஏழு முறை வந்திருக்கிறது. ஒரே ஒரு முறைதான் ஆர்டர் ஆனது. ஜெர்மன்காரர் “இந்த விலைக்கு வேண்டாம்” என்று ஒற்றை வரி போட்டுவிடுவார், அடுத்த மாதம் அவரே வாங்குவார். அந்த ஒற்றை வரிக்கு அண்ணாச்சி ஒரு வாரம் முகம் வாடியிருந்தார்.

ஜப்பான்காரரின் “பரிசீலிக்கிறோம்” என்ற வரியைக் காட்டியதும் அண்ணாச்சி சிரித்தார். “நம்ம ‘பாப்போம்’தானடே இது!” சம்சாரி விலையை ஏற்றிக் கேட்டால் அவர் சொல்கிற அதே ‘பாப்போம்’. கேட்டவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார், மறுபடி கேட்க மாட்டார். பயிற்சியாளர் காட்டிய அதே பழைய அட்டவணையில், தனிமனிதப் போக்கு (கூட்டத்தைவிடத் தன்னை முன்வைப்பது) என்ற இன்னொரு அளவில் இந்தியா 48, ஜப்பான் 46, ஜெர்மனி 67. நமக்கும் ஜப்பானுக்கும் உள்ள நெருக்கமும் அங்கேயே இருந்திருக்கிறது. எங்களுக்கு 92-ஐ மட்டும்தான் காட்டினார்கள்.

உங்களிடம் ஒரு வருட மெயில் இருந்தால் போதும், தொடங்கலாம். நாட்டுக்கு முன்னால் சரக்கு வாரியாகப் பிரியுங்கள், பிறகு அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். அதற்கும் அடங்காமல் மிஞ்சுகிற மெயில்களை எடுத்து ‘சொன்னது, நடந்தது’ போடுங்கள். என்ன சரக்கு, எந்த நாடு என்று கீழே எழுதினால் எந்தெந்தக் கட்டம் வைக்கலாம் என்று சொல்கிறேன்.