கணவருக்குத் துணிச்சல், எனக்கு அச்சம்: 30 லட்சத்தை எங்கே வைப்பது?

கேள்வி: எனக்கு 42 வயது. மும்பை செம்பூரில் வசிக்கிறோம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம். திருநெல்வேலியில் இருந்த பூர்வீக இடத்தை விற்றதில், வரி போக, என் பங்காக 30 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. முழுவதையும் பங்குச் சந்தை ஃபண்டுகளில் போட வேண்டும் என்கிறார் கணவர். அவர் 2020 கோடையில்தான் முதலீடு செய்யத் தொடங்கினார். நான் கணக்கு வைத்திருக்கும் கூட்டுறவு வங்கியில் டெபாசிட்டாகப் போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். 1992-இல் என் அப்பா பங்குகளில் பெரும் பணத்தை இழந்தவர். மகள் இன்னும் மூன்று ஆண்டுகளில் கல்லூரியில் சேருவாள். வீட்டுக் கடனும் இருக்கிறது. நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?

பதில்: தேவையில்லாத பயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயம் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும் இடமும் நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பாதுகாப்பானதல்ல.

நீங்கள் இருவரும் வாழ்ந்து பார்த்த சந்தைகள் வெவ்வேறானவை. 1992 ஏப்ரலில் 4,400 புள்ளிகளைத் தாண்டிய மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ், பங்கு ஊழல் வெளிப்பட்டபின் ஓராண்டுக்குள் ஏறத்தாழ பாதியாகச் சரிந்ததை, சிறுமியாக, உங்கள் வீட்டுக்குள்ளிருந்தே பார்த்தீர்கள். உங்கள் கணவரோ, 2020 மார்ச்சில் 26,000-க்குக் கீழே இறங்கிய அதே குறியீடு 2024 செப்டம்பரில் 85,000-ஐத் தாண்டியதை, இடையிடையே சிறு சறுக்கல்களோடு, கைப்பேசித் திரையில் பார்த்தவர். உல்ரிக்கே மால்மெண்டியர், ஸ்டெஃபான் நாகெல் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றி 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: தம் வாழ்நாளில் பங்குச் சந்தையின் மோசமான காலங்களை அனுபவித்தவர்கள் பிற்காலத்திலும் பங்குகளில் குறைவாகவே பணம் போடுகிறார்கள், அண்மை அனுபவத்துக்குக் கூடுதல் செல்வாக்கு உண்டு என்றாலும் பழைய அனுபவம் எளிதில் அழிவதில்லை. ஆகவே உங்களைக் கோழை என்றோ அவரைத் துணிச்சல்காரர் என்றோ சொல்வது சரியல்ல. பெரிய சரிவு ஒன்றில் அவருடைய பணம் இதுவரை சிக்கியதில்லை, அவ்வளவுதான்.

இதனோடு மனித மனத்தின் பொதுவான இயல்பும் சேர்ந்துகொள்கிறது. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஒரு தொகையை இழக்கும் வலி அதே தொகையைப் பெறும் மகிழ்ச்சியைவிடக் கூடுதலானது. அவர்களுடைய பிற்கால மதிப்பீட்டில் அது சுமார் இரு மடங்கு. நாள்தோறும் கணக்கைத் திறந்து பார்ப்பவர் இந்த வலியை அடிக்கடி அனுபவிக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு அதே முதலீடு அமைதியானதாகத் தெரிகிறது.

பழகிய இடம் பாதுகாப்பானது என்ற எண்ணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மும்பைவாசிகள் பலர் சறுக்குவது இங்கேதான். பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கட்டுப்பாடு விதித்தபோது, ஆறு மாதங்களுக்கு 1,000 ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. வரம்பு பின்னர் படிப்படியாக உயர்ந்தாலும், ஆயுட்காலச் சேமிப்பை அங்கே வைத்திருந்த முதியவர்கள் பட்ட பாட்டை இந்த நகரம் அறியும். வங்கி முடங்கினால் டெபாசிட்தாரருக்குக் கிடைக்கும் வைப்புக் காப்பீடு, அப்போது ஒரு லட்சமாக இருந்து, 2020 பிப்ரவரியில் 5 லட்சமாக உயர்ந்தது. அது ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து. 30 லட்சத்தையும் ஒரே கூட்டுறவு வங்கியில் போட்டால், 25 லட்சம் அந்தக் காப்பீட்டுக்கு வெளியே நிற்கும். மேலும், 7 சதவீத வட்டியில் 30 சதவீத வரி கட்டுபவருக்கு மிஞ்சுவது 5 சதவீதத்துக்கும் குறைவு. விலைவாசி உயர்வு அதையும் தின்றுவிடக்கூடும்.

மன விருப்பம் வேறு, தாங்கும் திறன் வேறு என்பதால் தொகையைத் தேவைப்படும் காலத்தை வைத்துப் பிரியுங்கள். மகளின் படிப்புக்கு 12 லட்சம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அதில் ஒரு ரூபாய்கூடப் பங்குகளுக்குப் போகக் கூடாது. பங்குகளுக்கு மூன்று ஆண்டுகள் போதுமான காலமல்ல. அதைப் பெரிய வணிக வங்கிகள் இரண்டு மூன்றில் டெபாசிட்டாகப் பிரித்து வையுங்கள். அவசரச் செலவுக்கு 4 லட்சம் தனியாக இருக்கட்டும். மீதி 14 லட்சத்தில்தான் கணவரின் யோசனைக்கு இடம் உண்டு.

அந்த 14 லட்சத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் இருவரும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், சதவீதத்தில் வேண்டாம், ரூபாயில். 2020 ஜனவரியில் 42,000-ஐ ஒட்டியிருந்த சென்செக்ஸ் இரண்டே மாதங்களில் 26,000-க்கு வந்தது. அப்படியொரு சரிவில் 14 லட்சம் 9 லட்சத்துக்குக் கீழே போகும். 2008-இல் போன்ற சரிவு என்றால் 6 லட்சத்தை ஒட்டி நிற்கும். அதைப் பார்த்த பிறகும் விற்காமல் இருப்பேன் என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால், தொகையைக் குறையுங்கள். ஃபண்டுகளின் விளம்பரத்தில் காணும் ரிஸ்க்கோமீட்டர் ஆறு நிலைகளில் ஃபண்டின் ஆபத்தைக் காட்டுகிறதே தவிர உங்கள் பொறுமையை அளப்பதில்லை. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2013 விதிமுறைப்படி பதிவுபெற்ற ஆலோசகர் உங்கள் ரிஸ்க் தன்மையை மதிப்பிட்ட பின்பே ஆலோசனை தர வேண்டும். ஆனால் சந்தை ஏறும் மாதத்தில் அந்த வினாத்தாளை நிரப்பினால் எவருமே தம்மைத் துணிச்சல்காரராகக் காட்டிக்கொள்வார்கள்.

என் கருத்து இது: 4 லட்சத்தை வீட்டுக் கடன் அசலில் கட்டிவிடுங்கள், அதில் மிச்சமாகும் வட்டி உறுதியான வருமானம். 10 லட்சத்தை, மிகக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் ஒரு லிக்விட் ஃபண்டில் வைத்து, அங்கிருந்து மாதந்தோறும் சம தொகையாக 12 மாதங்களில், சென்செக்ஸ் போன்ற குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றுங்கள். பத்தாண்டுகளுக்கு முன் அதைத் தொட வேண்டியிராது என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். பணம் உங்கள் பூர்வீகச் சொத்தின் வழியாக வந்தது. முதலீடும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், கணவரை நாமினியாகக் குறிப்பிடுங்கள், விற்கும் முடிவு உங்கள் கையொப்பம் இல்லாமல் நடக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.