கல்லறையில் 'நீதிமான்' என்று பொறிக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே கல்லறை கட்டுகிறோம். லண்டனில் இருக்கும் தம்பி, 'ரைட்டியஸ்' என்ற சொல்லின் தமிழ் அதில் வரவேண்டும் என்கிறான். நான் 'நீதிமான்' என்றேன். கல் வேலை பிடித்துத் தரும் தரகரோ, "அது ஜட்ஜைக் குறிக்கும், உங்கள் அப்பா தபால்காரர்தானே?" என்று வேறு வாசகம் எழுதித் தருகிறார். எது சரி?

பதில்: நீங்கள் சொன்னதே சரி. தீர்ப்புச் சொல்பவர் நீதிபதி. நெறி தவறாமல் நடப்பவர் நீதிமான். தமிழ் வேதாகமம் யோசேப்பை நீதிமான் என்கிறது. அவர் தச்சர்.

ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் 'ரிஹ்ட்விஸ்'. ரிஹ்ட் என்றால் நேர். விஸ் என்றால் விதம், வழி. 16ஆம் நூற்றாண்டில் வேறு சொற்களைப் பார்த்து அதன் வால் மாறியது. நம் 'நீதி' வடமொழியில் 'நடத்திச் செல்' என்னும் வேரிலிருந்து வந்தது. இரண்டிலும் இருப்பது வழிதான், நீதிபதியின் நாற்காலி அல்ல. பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்தில் நீதிமானுக்கு 'ட்சாதீக்'. அதே வேரில் பிறந்த 'ட்செதாக்கா' ஏழைக்குக் கொடுப்பதைக் குறிக்கும். முஸ்லிம் வீடுகளில் வழங்கும் 'சதக்கா' அதன் அரபு உறவு. 'தருமம்' என்ற சொல்லை நாமும் பிச்சையிடுவதற்குச் சொல்கிறோம் அல்லவா?

இனி அம்மா. இங்கேதான் கவனம் வேண்டும். 'மான்' ஆண்பால் விகுதி. ஸ்ரீமானுக்கு ஸ்ரீமதி உண்டு என்று 'நீதிமதி' என எழுதிவிடாதீர்கள். புத்திமானுக்கு இணையாக நின்றிருக்க வேண்டிய 'புத்திமதி' தமிழில் அறிவுரையாகிவிட்டது. நீதிமதியை யாரும் பெண் என்று படிக்கமாட்டார்கள். ஆதியாகமம் 38:26இல் தாமாரைப் பற்றி யூதா, "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்கிறான். பெண்ணுக்கு அதுவே சொல். இருவருக்கும் சேர்த்து வேண்டுமென்றால் லூக்கா 1:6 இருக்கிறது: "தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்களாயிருந்தார்கள்." சகரியா, எலிசபெத்து என்ற கணவன் மனைவியைப் பற்றிய வரி அது. உங்கள் கல்லுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கத்தோலிக்கர் என்றால், அவர்கள் படிக்கும் 'பொது மொழிபெயர்ப்பு' வேதாகமத்தின் 'நேர்மையாளர்' இருபாலுக்கும் பொருந்தும்.

தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறவர் நீளமான வாசகத்தைத்தான் சிபாரிசு செய்வார். கணினி தள்ளும் மொழிபெயர்ப்பை அப்படியே வெட்டிவைத்து, 'நீதிமான்' 'நிதிமான்' ஆகி, நேர்மையாளர் பணக்காரராக நிற்கும் கல்லை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு சுழியில் பொருள் போயிற்று. குடும்பம் அழுததுதான் மிச்சம். அகராதி போடுகிறவர்களும் துணைக்கு வருவதில்லை: நீதியுள்ள, நேர்மையான, தருமமான என்று காற்புள்ளி இட்டு அடுக்கிவிட்டு, எது யாருக்கு, எங்கே என்று ஒரு வரி எழுதமாட்டார்கள். எத்தனை பதிப்பு வந்தாலும் இதே கதை!

வாசகத்தை உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். உளி படுமுன் கல்லில் வரைந்த எழுத்தை நேரில் போய், ஒவ்வொரு கொம்பையும் சுழியையும் விரல் வைத்துப் படியுங்கள். அதுவரை முழுப்பணம் கொடுக்காதீர்கள்.